காரை வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பற்றிப் பேசலாமா?

2025 மார்ச் 2 – மாலபேயிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

கொழும்பின் நடைபாதை, பஸ், ரயில் என்று இந்த இழையில் எழுதுபவர்களில் பாதிப் பேரிடம் கார் இருக்கிறது. மீதிப் பேர் ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில், கடற்கரைப் பக்கம் குடியிருக்கிறார்கள். நான் புறநகரான மாலபேயிலிருந்து நகருக்குள், கொள்ளுப்பிட்டிக்கு, 177 ஆம் இலக்க பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். மழை நாளில் ஒரு வழிக்கே ஒன்றரை மணித்தியாலம் ஆகிறது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளாக மூடிக்கிடந்த வாகன இறக்குமதி பெப்ரவரியில் திறந்துவிட்டது. லீசிங்கில் ஒரு சிறிய கார் எடுக்கப் போகிறேன். வேண்டாம் என்று சொல்லும் தகுதி இங்கே யாருக்காவது இருக்கிறதா?

மார்ச் 2, இரவு

எனக்கு இல்லை. 2018 இல் வாங்கிய சுசுகி வெகன் ஆர் ஒன்று, வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் நிற்கிறது. ரயில் நிலையம் ஏழு நிமிட நடை. ஆகவே உங்கள் குற்றச்சாட்டின் இரண்டு பாதியிலும் நான் அகப்படுகிறேன்.

வாங்கிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2017 நவம்பரில் ஓர் இரவு, ஒன்றரை மணியளவில், அம்மாவுக்கு மூச்சு முட்டியது. வெளியே அடைமழை. கைத்தொலைபேசியில் அழைத்த முச்சக்கர வண்டிகளில் இரண்டு வருவதாக ஏற்றுக்கொண்டு பிறகு விலகிக்கொண்டன. அம்மாவைப் படிக்கட்டின் கடைசிப் படியில் இருத்திவிட்டு, ஒழுங்கையால் காலி வீதிக்கு ஓடி, போகிற வாகனங்களுக்கெல்லாம் கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். பத்து நிமிடங்கள்தான் நின்றிருப்பேன். அம்மா தேறிவிட்டார். நான்கு மாதங்களில் கார் வந்துவிட்டது. அதற்கு முந்திய பத்து ஆண்டுகளும் கார் இல்லாத வாழ்க்கையின் மேன்மையை நண்பர்களுக்கு ஓயாமல் உபதேசித்தவன் நான் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதும் வேலைக்கு ரயிலில்தான் போகிறேன். கார் வாரத்துக்கு ஒரு தடவைதான் வெளியே போகும்.

மார்ச் 3, காலை

மேலே உள்ள கடைசி வசனம் பொய். எழுதும்போது பொய் என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் கீழே போய் மீற்றரைப் பார்த்தேன்: 61,000 கிலோமீற்றரைத் தாண்டியிருக்கிறது. ஏழு ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் வாரத்துக்கு 160 கிலோமீற்றருக்கு மேல் வருகிறது. அந்த ஏழு ஆண்டுகளில் ஊரடங்கு மாதங்களும் பெற்றோல் இல்லாத மாதங்களும் அடங்கும். வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் வெளியே போகும் கார் அவ்வளவு தூரம் ஓடுவதென்றால் ஒவ்வொரு வாரமும் அம்பலாங்கொடைக்குப் போய் வரவேண்டும்.

இரண்டு வாரங்களுக்குக் குறித்து வைத்துப் பார்க்கப் போகிறேன்.

மார்ச் 24

மார்ச் 10 முதல் 23 வரை, கார் தன் தரிப்பிடத்தை விட்டு நகர்ந்த ஒவ்வொரு தடவையையும் சமையலறை நாட்காட்டியில் குறித்தேன். போய் வருவதை ஒன்றாக எண்ணினால் மொத்தம் 19. அம்மாவை நாரஹேன்பிட்டியில் உள்ள கிளினிக்குக்கு அழைத்துப் போனது 2. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு போனது 3. தங்கையின் வீட்டுக்கு, அத்துருகிரியவுக்கு, 2. வேலைக்கு 5. மிச்சம் 7 தடவையும் வெள்ளவத்தைக்குள்ளேயே: சந்தை, கடை, டியூஷன் வகுப்பு, எல்லாம் ஒரு கிலோமீற்றருக்குள்.

வேலைக்குப் போன அந்த ஐந்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அலுவலகம் கொம்பனித்தெருவில் இருக்கிறது. வெள்ளவத்தையில் ஏறினால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, அடுத்தது கொம்பனித்தெரு. கொள்ளுப்பிட்டிவரை வழி முழுவதும் கடல். கொழும்பில் இதைவிட வாய்ப்பான ரயில் பயணம் வேறு யாருக்கும் இருக்க முடியாது. இருந்தும் ஐந்து நாட்கள் காரில் போயிருக்கிறேன். ஒரு நாள் மழை வரும்போல் இருந்தது. ஒரு நாள் ரயில் பிந்தியது. மற்ற மூன்று நாட்களுக்கும் காரணம் எதுவும் நினைவில்லை. கார் நின்றது, திறப்பு சட்டைப் பையில் இருந்தது, அவ்வளவுதான். லீசிங் தவணை, காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எல்லாவற்றையும் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டியாக வேண்டும். கட்டிய பிறகு ஒரு நாள் ஓட்டத்துக்குப் பெற்றோல் காசு மட்டுந்தானே என்று மனம் கணக்குப் போடுகிறது. ரயிலுக்கு எடுத்த சீசன் டிக்கட்டும் கட்டி முடித்த காசுதான் என்பது மட்டும் அந்த நேரத்தில் மனத்துக்கு எட்டுவதில்லை.

மாலபே வாசகருக்கு இதிலிருந்து நான் சொல்லக்கூடியது ஒன்று. காரை நான் அன்றாடத்துக்காக வாங்கவில்லை. மழை பெய்த ஓர் இரவுக்காக வாங்கினேன். வாங்கிய பின் அது அன்றாடத்துக்குள் தானாகவே நுழைந்துவிட்டது. ஆகவே எத்தனை மணிக்கு எத்தனை பஸ் என்று காலை நெரிசலை மட்டும் அளந்துகொண்டிருக்கும் எங்கள் விவாதங்கள் எனக்கு இப்போது குறைபாடாகத் தெரிகின்றன. இரவு பத்து மணிக்கு ஒரு பஸ் வருமா வராதா என்பதே காலை எட்டு மணிக்கு வீதியில் எத்தனை கார் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

மார்ச் 25

தெஹிவளைக்காரர் ஒருவர் திருத்தியிருக்கிறார்: காலி வீதியில் இரவு முழுவதும் பஸ் உண்டு, மாத்தறை பஸ் விடிய விடிய ஓடுகிறதே என்று. உண்மை. யாழ்ப்பாணத்துக்குப் போகும் சொகுசு பஸ்களும் இரவில் எங்கள் வாசலில்தான் ஆளேற்றுகின்றன. நள்ளிரவில் வெள்ளவத்தையிலிருந்து பருத்தித்துறைக்குப் போவது பொரளைக்குப் போவதைவிட எளிது. நேற்று எழுதியதை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: நகரத்திலிருந்து வெளியே போகும் பெருவீதிகளில் இரவிலும் வண்டி கிடைக்கும், ஒரு பெருவீதியிலிருந்து இன்னொன்றுக்குக் குறுக்கே போவதுதான் முடியாது. காலி வீதி, ஹைலெவல் வீதி, கண்டி வீதி என்று எல்லாம் கோட்டையையும் புறக்கோட்டையையும் நோக்கி விரலைப்போல வந்து சேர்கின்றன. விரலுக்கு விரல் தாவ வேண்டியவருக்கு இரவில் முச்சக்கர வண்டி, இல்லாவிட்டால் சொந்த வாகனம்.

ஏன் முடியாது என்பதற்கும் காரணம் உண்டு. சாரதியின் சோம்பல் அல்ல. 1958 இல் பஸ்கள் அனைத்தும் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கைக்கு வந்தன. 1979 இல் தனியாருக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு பஸ் வைத்திருக்கும் தனியாட்கள். அன்றைய வசூலில் உரிமையாளருக்கு உரியதும் டீசலுக்கு உரியதும் போக மிச்சமே சாரதிக்கும் நடத்துநருக்கும் கூலி. அதனால்தான் ஆள் நிறையும்வரை தரிப்பிடத்தில் நின்று நகர்வதும், பின்னால் அதே இலக்கப் பஸ் தெரிந்தவுடன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறப்பதும். ஓடிய கிலோமீற்றருக்கு யாராவது பணம் கொடுத்தால் இரவு பத்து மணிக்கும் குறுக்கு வீதியில் பஸ் ஓடும். ஏறிய தலைக்குத்தான் பணம் என்றால் அந்த நேரத்தில் எந்த நடத்துநர் வருவார்? நானாக இருந்தாலும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவேன்.

மார்ச் 27

இன்னொரு திருத்தம், இது சற்று வலிக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து நாரஹேன்பிட்டிக்கு 141 ஆம் இலக்க பஸ் நேராகப் போகிறதே, பகலில் இருக்கும் கிளினிக்குக்கு அம்மாவை ஏன் காரில் கொண்டுபோகிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 141 ஐ எனக்கு நன்றாகத் தெரியும். இளம் வயதில் அதில் தொங்கிக்கொண்டு போயிருக்கிறேன். அம்மாவோடு அதில் போகலாம் என்ற எண்ணம் ஏழு ஆண்டுகளில் ஒரு தடவைகூட எனக்கு வரவில்லை. விடை யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

ஏப்ரல் 1

கார் விலையைப் பற்றி யாரோ கேட்டதற்கு. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்ற பிறகு பழைய கார்களின் விலை ஏறத் தொடங்கி, நான் கொடுத்த விலையை என் கார் எப்போதோ தாண்டிவிட்டது. தேசிய சேமிப்புப் பத்திரம், தங்கம், மைத்துனரின் சொற்கேட்டு வாங்கிய தென்னங்காணி எதிலும் இலாபம் காணாத நான், கூடாது கூடாது என்று எழுதிவந்த ஒரே பொருளில் பணம் பண்ணியிருக்கிறேன். ஏப்ரல் முதலாம் திகதி என்பதற்காகச் சொல்லவில்லை.

ஏப்ரல் 14

புத்தாண்டு. ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் போய்விட, கொழும்பு வெறிச்சோடிக் கிடக்கிறது. காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மரைன் டிரைவ் வழியாகக் காலிமுகத்திடல்வரை போய் வந்தேன். இந்த நகரம் எவ்வளவு சிறியது என்பது ஆண்டுக்கு இரண்டு நாட்கள்தான் கால்களுக்குத் தெரிகிறது. மற்றொரு நாள் ஆடிவேல்: செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குத் தேர் வரும்போது காலி வீதியில் பஸ்ஸும் காரும் ஒதுங்கி நிற்க, நடுவீதியில் கிழவிகள் கற்பூரத் தட்டோடு நடப்பார்கள், யாரும் ஹோர்ன் அடிப்பதில்லை.

சைக்கிள் பற்றி இங்கே சிலர் பரவசமாக எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு ஒரு தயக்கம் வரும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த என் வயதுக்காரருக்குச் சைக்கிள் ஒரு கொள்கையாக இருந்ததில்லை. தொண்ணூறுகளில் வடக்குக்கு எரிபொருள் தடை. மோட்டார் சைக்கிளும் பழைய ஒஸ்ரின் காரும் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விடுவார்கள், பிறகு ஒழுங்கை முழுவதும் புகை. மின்சாரமும் இல்லை, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றினால் டைனமோவில் வானொலி பேசும், சுற்றும் வேகம் குறைந்தால் செய்தியும் இழுபடும். அப்பா ஆசிரியர். கொக்குவிலிலிருந்து சுன்னாகத்துக்குத் தினமும் மிதித்தார். மழையிலும் காய்ச்சலிலும், பின் கரியரில் அரிசி மூடையோடும். 1997 இல் கப்பலில் திருகோணமலைக்கு வந்து கொழும்பு சேர்ந்த பிறகு அவர் சைக்கிளைத் தொடவே இல்லை. வெள்ளவத்தைச் சந்தைக்கு முச்சக்கர வண்டியில் போய் வருவார். நடந்தே போகலாமே என்று ஒருநாள் சொன்னேன். “மிதிச்சது காணும்” என்றார். நான் சொன்னது நடப்பதைப் பற்றி.

2022 இல் மறுபடியும் வந்தது. ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அதுவும் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும். ஜூலையில் கியூஆர் குறியீடு வந்து, வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 என்று பங்கீடு. கழுத்துப்பட்டி கட்டியவர்கள் காலி வீதியில் சைக்கிளில் போனார்கள். இதுதான் கொழும்பின் எதிர்காலம் என்று சிலர் எழுதினார்கள். மிகச் சத்தமாக எழுதியவன் நான். பெற்றோல் வந்தது, சில வாரங்களில் அந்தச் சைக்கிள்களைக் காணவில்லை. அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். வேறு வழியில்லாததால் மிதித்தவர்களை விரும்பி மிதித்தவர்களாக நான் எண்ணிக்கொண்டேன்.

ஏப்ரல் 20

மாலபே வாசகர் கோபித்துக்கொண்டார். புறநகரில் வீடு கட்டியது நீங்களாக எடுத்த முடிவு என்று இங்கே ஒருவர் எழுதியதற்கு நானும் தலையாட்டியிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

என் தங்கையும் அப்படித்தான் போனாள். வெள்ளவத்தையில் ஒரு பேர்ச் காணிக்குக் கேட்கிற காசில் அத்துருகிரியவில் அத்திவாரம் போட்டு ஒரு கிணறும் வெட்டலாம் என்பது அவளுடைய கணக்கு. அதோடு, நகரமே அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. 1982 இல் பாராளுமன்றம் கோட்டேக்குப் போனது. பின்னால் அமைச்சுகளும் திணைக்களங்களும் பத்தரமுல்லைக்குப் போயின. கடவுச்சீட்டுக்கும் இப்போது அங்கேதான் போக வேண்டும். ஆனால் ரயில் போகவில்லை. களனிவெளிப் பாதை நுகேகொட, மஹரகம, ஹோமாகம என்று தெற்கே வளைந்து போகிறது. பிரதான பாதை வடக்கே களனியைக் கடந்து போகிறது. இரண்டுக்கும் நடுவில் மாலபே. களனிவெளிப் பாதையும் குறுகிய தண்டவாளத்துக்காகப் போட்ட பழைய வளைவுகளிலேயே பிறகு அகலத் தண்டவாளம் ஏறிய ஒற்றைப் பாதை. ரயில் அதில் நடந்துதான் வருகிறது.

அந்த இடைவெளிக்காகத்தான் கோட்டையிலிருந்து மாலபேவரை 16 நிலையங்களோடு, ஏறத்தாழ 16 கிலோமீற்றருக்கு, தூண்களின் மேல் ஓடும் இலகு ரயில் திட்டமிடப்பட்டது. 2019 இல் ஜப்பானுடன் கடன் ஒப்பந்தம். வட்டி ஆண்டுக்கு 0.1 சதவீதம். 2020 செப்டெம்பரில், செலவு அதிகம் என்று, அரசாங்கம் அதை நிறுத்தியது. அந்த ரயிலை நம்பி 2019 இல் மாலபேயில் காணி வாங்கிய ஒருவரிடம் 2025 இல் கார் வாங்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடலோரத்து ரயில் 1877 இலேயே பாணந்துறைக்கு ஓடத் தொடங்கியது. நான் பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன் யாரோ போட்ட பாதையில் ஏறி இருந்துகொண்டு ஒழுக்கம் போதிப்பது மலிவான காரியம்.

ஏப்ரல் 21

வசனம் ஒன்றைத் திருத்துகிறேன். நான் பிறந்தது 1979 இல். எனவே நூற்றிரண்டு ஆண்டுக்கு முன். கணக்குப் பிழை விட்டால் உடனே பிடிக்கிறார்கள் இங்கே.

மே 4

என் மனைவி இந்த இழையைப் படித்துவிட்டு நாட்காட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். வெள்ளவத்தைக்குள் போனதாக நான் எழுதிய 7 பயணங்களில் 4 அவருடையவை. மாலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் மகளை டியூஷன் வகுப்பிலிருந்து கூட்டி வந்தவை. நான் அவற்றைச் சோம்பேறிப் பயணங்களின் கூட்டத்தில் போட்டிருந்தேன். “நீங்கள் இருட்டின பிறகு அந்த ஒழுங்கையில நடந்து பாத்திருக்கிறியளா? நீங்கள் நடந்தால் ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்” என்றார். நெரிசலான பஸ்ஸில் தனக்கு என்னென்ன நடந்திருக்கிறது என்பதையும் சொன்னார். பத்தொன்பது ஆண்டு மணவாழ்க்கையில் அவற்றில் பாதியை நான் முதன்முறையாகக் கேட்டேன். அவர் திருமணத்துக்கு முன் 155 இல் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது ஊக்கு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டே போவாராம். அந்த பஸ்ஸைப் பற்றி, பழைய நினைவுகள் என்று, நான் இங்கே உருகி எழுதியிருக்கிறேன்.

ஆகவே சோம்பேறிப் பயணம் ஏழு அல்ல, மூன்று. அந்த மூன்றும் என்னுடையவை. வேலைக்குப் போன ஐந்தும் என்னுடையவை. கெட்ட இரவுக்காகக் கார் வாங்கினோம் என்று நான் பொதுவாக எழுதினேன். என் வீட்டில் மூன்று பேருக்கு அந்தக் கெட்ட நேரம் வெவ்வேறு மணிக்குத் தொடங்குகிறது. மனைவிக்கு ஆறரைக்கு.

மே 5

கார் தரிப்பிடம் பற்றி. தொடர்மாடி கட்ட அனுமதி கேட்பவர் இத்தனை வீட்டுக்கு இத்தனை வாகனத் தரிப்பிடம் என்று வரைபடத்தில் காட்ட வேண்டும். எங்கள் ஒழுங்கையில் பழைய ஓட்டு வீடுகள் இடிந்து ஆறு மாடி, ஏழு மாடி எழுந்தபோது, ஒவ்வொன்றின் கீழ்த்தளமும் கார்களுக்குப் போனது. முன்பு திண்ணையும் மல்லிகைப் பந்தலும் இருந்த இடத்தில் இப்போது இரும்பு உருளைக் கதவுகள். மனைவி சொன்ன இருட்டு அங்கிருந்துதான் வருகிறது. ஒழுங்கையைப் பார்க்கும் யன்னல் ஒன்றுகூட நிலமட்டத்தில் இல்லை. அந்தத் தரிப்பிடத்தின் விலை வீட்டு விலைக்குள்ளேயே இருந்ததால், கார் வாங்க முன்பே நான் காருக்காகப் பணம் கட்டிவிட்டேன்.

மே 19

கார்கள்தான் கொழும்பின் டிராம் வண்டிகளை விரட்டின என்று ஒருவர். டிராம் 1899 இல் வந்து கிராண்ட்பாஸுக்கும் பொரளைக்கும் ஓடி, 1960 இல் நின்றது. அதற்குள் 1953 இலேயே மின்கம்பி பஸ்கள் வந்திருந்தன. அவையும் 1964 இல் நின்றன. இடத்தைப் பிடித்தது பஸ். சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் அன்று குறைவு. இதற்கு மேல் இந்த இழையில் டிராம் வேண்டாம், கறுவாத்தோட்டத்துக்கு டிராம் போயிருந்தால் என்ற கற்பனையும் வேண்டாம்.

ஜூன் 8

மார்ச் 27 இல் வைத்த கடன். வியாழக்கிழமை அம்மாவை 141 இல் கூட்டிப்போனேன். அம்மாவே ஒப்புக்கொண்டார், பஸ்ஸில் போய்ப் பல வருடமாகிறது என்றார்.

லொறியின் அடிச்சட்டத்தின் மேல் கூடு கட்டிய வண்டி அது. முதல் மிதிபலகை அம்மாவின் முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருந்தது. கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினார். இரண்டாவது படியில் கால் இருக்கும்போதே வண்டி நகர்ந்தது. நடத்துநர் கையை நீட்டித் தோளைப் பிடித்துக்கொண்டார், சாரதிக்கு ஏதோ கத்தினார், வண்டி நின்றது. ஒரு பாடசாலைப் பையன் எழுந்து இடம் கொடுத்தான். கிருலப்பனை தாண்டும்வரை அம்மா யன்னலுக்கு வெளியே கடைகளைப் பார்த்து, இது முந்தி இல்லை, அது முந்தி இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். காரின் பின் இருக்கையில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இறங்குவதற்கு மூன்று பேர் உதவினார்கள். கிளினிக்கில் இருந்து திரும்பும்போது, முழங்காலைத் தடவிக்கொண்டு, “நல்லாத்தான் இருந்தது, தம்பி. அடுத்தமுறை காரில போவம்” என்றார்.

நேரத்துக்கும் வழித்தடத்துக்கும் நான் சொன்ன குறைகள் எல்லாம் இருக்கட்டும்; அந்த வியாழக்கிழமை பகல் பத்து மணிக்கு நேரடி பஸ் இருந்தது, இடம் இருந்தது, நல்ல மனிதர்கள் இருந்தார்கள். ஒன்றரை அடி உயரம்தான் அதிகமாக இருந்தது.

ஜூன் 9

மாலபே வாசகர் எழுதியிருக்கிறார்: கார் எடுத்துவிட்டாராம். முதல் நாள் மழையில் ராஜகிரியவில் நின்றபோது பக்கத்தில் 177 நின்றதாம். இரண்டும் ஒரே நேரத்தில்தான் கொள்ளுப்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தன, ஆனால் சட்டை நனையவில்லை என்கிறார். மீற்றர் எண்ணை இன்றைக்கே எங்காவது எழுதி வையுங்கள் என்று மட்டும் பதில் போட்டேன். என்னுடையது நேற்று 63,140.